எக்ஸுக்கு நான் ஏழு என்றேன்

முப்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவதற்காக டியூஷனில் சேர்ந்தேன். சின்னமனூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர் வேலை எனக்கு. பத்து பாஸ் என்றால் மேலே போகலாம் என்றார்கள். டியூஷன் டீச்சர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். உடன் படித்தவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள்.

கணக்குப் புத்தகத்தில் 'மாறி' என்று இருந்தது. வீரபாண்டி மாரியம்மனுக்கு இதில் என்ன வேலை என்று யோசித்தேன். எழுத்து வேறு என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

டீச்சர் பலகையில் 2x + 3 என்று எழுதினார்.

"இந்த எக்ஸுதான் மாறி. அது எந்த நம்பரா வேணும்னாலும் இருக்கலாம்க்கா."

நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது. அடுத்து 2x + 3 = 13 என்று எழுதி, எக்ஸ் எவ்வளவு என்று கேட்டார். ஏழு என்றேன்.

"தப்புக்கா. அஞ்சு."

"எந்த நம்பரா வேணும்னாலும் இருக்கலாம்னு இப்பத்தான சொன்னீக?"

"ஆமா டீச்சர், சொன்னீக" என்றார்கள் பிள்ளைகள். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். அன்று வகுப்பு சீக்கிரம் முடிந்தது.

வாழைத்தார் ஏற்றிவிட்டு வந்த என் கணவர் விவரத்தைக் கேட்டு, "டீச்சர மாத்திப் பாரு" என்றார்.

அடுத்த வாரம் ஒரு நாள், முட்டைக் கணக்குப் பார்க்கும் சத்துணவு அமைப்பாளர் விடுப்பு. காலையிலேயே தலைமை ஆசிரியர் சமையல்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"இன்னைக்கு எத்தன முட்ட அவிக்கணும்?"

"வர்ற பிள்ளைக, கூட ரெண்டு சார்." வேகும்போது ஒன்றிரண்டு வெடிக்கும் என்பதால் எப்போதும் இரண்டு கூடப் போடுவோம்.

"அது எத்தனங்கிறேன்?"

"பிள்ளைக இன்னும் வரல சார். எத்தன பேரா வேணும்னாலும் இருக்கலாம்."

"எனக்கு நம்பர் வேணும்மா."

"மணி அடிக்கட்டும் சார். பெறகு அது ஒரே நம்பர்தான்."

சொல்லிவிட்டுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். மணி அடிக்கும்வரை பிள்ளைகள் எத்தனை பேராகவும் இருக்கலாம். ஆனால் மொத்தம் எழுபது முட்டை என்று ஒருவர் சொல்லிவிட்டால் வந்தவர்கள் அறுபத்தெட்டுப் பேர்தான். அதில் என் இஷ்டம் ஒன்றும் இல்லை. டீச்சர் சமக்குறி போட்டுப் பதின்மூன்று என்று எழுதியதும் எக்ஸுக்கு நடந்தது அதுதான்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

"கணக்கு சார்" என்றேன். அவர் போய்விட்டார்.

சாயங்காலம் டீச்சரிடம் சொன்னேன். அவர் பலகையில் x + 2 = 70 என்று எழுதிப் பார்த்தார்.

"இதையே நான் மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுக்கவாக்கா?"

"சொல்லுங்க டீச்சர். அந்த ரெண்டு முட்டைய மட்டும் விட்டுறாதீக."

தேர்வில் கணக்குக்கு நாற்பத்தொன்று வாங்கினேன். அது ரொம்பக் குறைவு என்று டியூஷன் பிள்ளைகள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். எனக்குக் குறைவாகப் படவில்லை. அன்று முழுக்க மார்க் பட்டியலைக் கையிலேயே வைத்திருந்தேன்.