மழை மேல் போட்ட பழி

ஒரு நல்ல ஓவியர் தன் கையையே நம்பாமல் போகும்படி பொய் சொன்னவன் நான். அப்போது சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். எனக்கு நானே நியாயம் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஓவிய ஆசிரியர் இரண்டு கோடை விடுமுறைகளைச் செலவழித்து, பள்ளி அரங்கின் சுவரில் தானே சாந்து பூசி ஆடிச்சுற்றை வரைந்திருந்தார். வேண்டுதலுக்காகக் கோயிலை நூறு தடவைக்கு மேல் சுற்றுகிறவர்களின் பாதங்கள் மட்டும்தான் படம். வெடித்த குதிகால், மெட்டி தேய்ந்த விரல், முடியாமல் உட்கார்ந்துவிட்ட ஒருவரின் வீங்கிய கணுக்கால். முகமே கிடையாது.

ஆண்டு விழாவுக்கு முன் தாளாளர் வந்து பார்த்தார்.

“என்ன சார் இது? சாமியக் காணோம், ஆளக் காணோம், வெறுங்காலாக் கெடக்கு! செருப்புக் கடைக்கா போர்டு எழுதுதோம்?”

நானும் சேர்ந்து சிரித்தேன். ஓவியர் தேர்வுப் பணிக்காகத் திருநெல்வேலி போயிருந்த வாரம், சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன். இடையில் ஒருநாள் மழை பெய்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

“மழைல சுவரு ஓதம் ஏறி உம்ம கலர் பூராவும் உரிஞ்சு விழுந்துட்டு வே. வேற வழியில்லாம அடிச்சிட்டோம்” என்றேன், திரும்பி வந்தவரிடம்.

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். “பூச்சு காயுறதுக்கு முன்ன அவசரப்பட்டுட்டேன் போல, சார். என் தப்புதான்.”

அடுத்த வருடம் வேலையை விட்டுச் சென்னைக்குப் போனார். துணியில் வரைந்த ஓவியங்களால் பெரிய பெயர் வாங்கினார்.

போன வருடம் அவர் காலமானபின், பழைய மாணவர்கள் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் விழா எடுத்தார்கள். காலையில் கண்காட்சி, மதியம் கலந்துரையாடல், மாலையில் நாதஸ்வரம். அவருக்கு முதல் சுவரைக் கொடுத்தவன் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். அந்தப் பாதங்களுக்கு அவர் முதலில் போட்டுப் பார்த்த பென்சில் படங்களும் மாட்டியிருந்தன. கீழே அட்டையில், ‘சுவரோவியம் மழையில் அழிந்தது’ என்றிருந்தது.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சாதாரணமாகத்தான் சொன்னார்: “அதுக்கப்புறம் அவுக சுவத்துப் பக்கமே போகல, சார். பெரிய எடத்துல இருந்துல்லாம் வந்து கேட்டாக. ‘என் பூச்சு நிக்காது’ன்னுட்டாக. மொட்டமாடில சின்னச் சின்னதாப் பூசி, தண்ணிய ஊத்தி ஊத்திப் பாத்துட்டே இருப்பாக. எத்தன வருசம்!”

மதியம் என் முறை வந்தபோது, எழுதிக்கொண்டு போன பாராட்டுரையை வாசிக்க முடியவில்லை. மழை அழிக்கவில்லை, நான்தான் அழித்தேன், அவர் பூச்சில் ஒரு குறையும் இருந்ததில்லை என்று மட்டும் சொன்னேன். பின்வரிசையில் யாரோ, “அட, இம்புட்டு நாளும் வாயத் தெறக்கலயா மனுசன்?” என்றார். இறங்கிப் போய், அட்டையில் ‘மழையில்’ என்றிருந்ததை அடித்து, ‘தலைமையாசிரியர் உத்தரவால்’ என்று என் பேனாவால் எழுதினேன்.

நாதஸ்வரம் தொடங்குமுன் அவர் மனைவி வந்தார். “அவுக இருக்கும்போது ஒரு போன் போட்டுச் சொல்லிருக்கலாம்லா, சார்?” என்று கேட்டார். கோபம்கூட இல்லை. பதிலுக்கு நிற்காமல் முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் அனுமதி வாங்கி, ஒரு கொத்தனாரைப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். ஏழெட்டுத் தடவை அடித்த வெள்ளையைச் சுரண்டினார். நிறம் அதோடேயே உரிந்து வந்துவிட்டது. ஒரு பாதம்கூட மீளவில்லை. சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: “இது யாரு பூசுனது அண்ணாச்சி? கல்லு மாதிரி நிக்கி. உளி எறங்க மாட்டுக்கு.”

ஓவியர் காதில் விழுந்திருக்க வேண்டிய அந்தப் பேச்சை, இப்போது தினமும் நான் ஒருவன் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.