முதல் கிளாஸ்

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடி, அறுபத்திரண்டு படி. "ஊரையே மேல தூக்கிவிடறவன் வீட்டுக்கு நடந்து போறான் பாரு" என்று அவருடைய நண்பர் பஸ் கண்டக்டர் இருபது வருஷமாகக் கேலி செய்துகொண்டிருந்தார். இப்போது செய்வதில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. மெக்கானிக்கின் மனைவி கடைக்குப் போய்த் திரும்பினால் அதில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் மிச்சப் படிகளை ஏறுகிறாள். நோய் வந்து போன நுரையீரல் இவ்வளவுதான், இதற்குமேல் தேறாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

வேலையில் அவரைப்போல ஜாக்கிரதைக்காரரைப் பார்க்க முடியாது. முப்பத்தோரு வருஷ சர்வீஸ். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, ஒவ்வொரு மாடிக் கதவிலும் 'பழுது – உபயோகிக்காதீர்' என்ற அட்டையைத் தொங்கவிட்ட பிறகே லிஃப்ட் குழிக்குள் இறங்குவார். பன்னிரண்டு மாடி என்றால் பன்னிரண்டு அட்டை. யாராவது சிடுசிடுத்தால், "உங்க அவசரத்துக்கு என் தலை நசுங்கணுமா சார்?" என்பார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு பார். அவர், கண்டக்டர், டெய்லர், மூன்றே பேர். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேஜை. முதல் பீர் பாட்டிலைப் பிடி வைத்த ஒரே கண்ணாடிக் குவளையில் ஊற்றி மூவரும் சுற்றிவிடுவார்கள். அது காலியான பிறகுதான் அவரவர் கிளாஸ் வரும். எப்போதோ பாரில் கிளாஸ் பற்றாமல்போன ஒரு நாளில் தொடங்கிய வழக்கம். கடைசி வாய் எப்போதும் டெய்லருக்கு. அடிவரை உறிஞ்சிவிட்டுக் குவளையைக் கவிழ்த்து, "அளவு கச்சிதம்" என்பார்.

நாளை முதல் ஊரடங்கு, எல்லாம் மூடல் என்று அறிவித்த சனிக்கிழமையும் அந்தக் குவளை சுற்றியது. அன்று மத்தியானமே மெக்கானிக்கின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்து மனைவி சொன்னாள்: "கொதிக்குதுங்க. இன்னிக்கி மட்டும் போகாதீங்க."

"குழிக்குள்ள தூசிம்மா. இன்னிக்கி விட்டா இனி எப்பவோ."

ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனார். முதல் வாய் அவருடையது.

ஆறாம் நாள் மனைவி படுத்தாள். பதினான்காம் நாள் டெய்லர் போய்ச் சேர்ந்தார். கண்டக்டருக்கு இரண்டு நாள் இருமலோடு சரி. யாரிடமிருந்து யாருக்கு வந்ததென்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாதே என்பதை மெக்கானிக் இறுகப் பிடித்துக்கொண்டார். மனைவியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலியைக் கொண்டுபோய்த் திருப்பத்தில் போட்ட அன்றுகூட.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் கண்டக்டர் போன் செய்தார். காதில் கொஞ்சம் மந்தமென்பதால் மெக்கானிக் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"டேய் லிஃப்ட்டு, பாரைத் திறந்துட்டாங்கடா. மேஜைக்கு ரெண்டே பேராம். நமக்குன்னே போட்ட மாதிரி இருக்கு சட்டம்."

"ம்."

"மூணாவது ஆளைத்தான் நான் அனுப்பிட்டேனே. நாள் பூரா கண்டவன் காசை வாங்கின கையோட வந்து அந்தக் குவளையைத் தொட்டேன் பாரு…"

"விடுடா." ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் இதைத்தான் சொல்லியிருந்தார்.

"வரியா? நீ வரலைன்னா நானும் உள்ள போகமாட்டேன்."

போனை வைத்ததும் மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னு சொல்லிடறேன். கூட்டத்துல போய் எதையாவது வாங்கிட்டு வந்து உனக்கு மறுபடியும்…"

"என்னைச் சாக்கு வைக்காதீங்க." கையிலிருந்த துண்டை அவள் கீழே வைத்தாள். "அன்னிக்கி என் பேச்சுக்கு நின்னீங்களா? இப்ப மட்டும் என் நெஞ்சு ஞாபகம் வருதாக்கும்?"

அவர் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"அந்த மனுஷன் போன் பண்ணும்போதெல்லாம் எனக்கும் கேக்குது. தான்தான் கொன்னோம்னு அழறாரு. நீங்க விடுடா விடுடாங்கறீங்க." மூச்சு வாங்க நிறுத்தினாள். "போனா உண்மையைச் சொல்லிட்டு வாங்க. சொல்ல வாய் வராதுன்னா போகாதீங்க, இனிமே அவர் போனையும் எடுக்காதீங்க. ரெண்டுல ஒண்ணு."

நாலரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை அவர் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பிறகு இறங்கினார். திருப்பத்தில் நாற்காலி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. தள்ளிவைக்காமல் ஒருக்களித்துக் கடந்தார்.

பாரில் பாதி மேஜைகளின் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மருந்துத் தண்ணீர் வாடை. கண்டக்டர் இளைத்து, முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டுமாக உட்கார்ந்திருந்தார். பழைய சர்வர் இவர்களைக் கண்டதும் கேட்காமலேயே ஒரு பாட்டிலும் அந்தப் பிடி வைத்த குவளையும் கொண்டுவந்து வைத்தான். வைத்த பிறகு, எடுத்துவிடலாமா என்பதுபோல நின்றான்.

"இருக்கட்டும், நீ போப்பா" என்றார் கண்டக்டர். ஊற்றி, மெக்கானிக் பக்கம் நகர்த்தினார். "நீயே குடி. என் வாய் பட்டது உனக்கு வேணாம்டா."

நுரை அடங்கும்வரை மெக்கானிக் குவளையையே பார்த்தார்.

"அன்னிக்கி எனக்குக் காய்ச்சல்டா."

"என்னிக்கி?"

"கடைசி நாள். மத்தியானமே அடிச்சுது. இவ போகாதீங்கன்னு சொன்னா. மாத்திரையைப் போட்டுட்டு வந்தேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

கண்டக்டர் கைகளை மேஜைமேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்துத் தேய்ந்த விரல்கள்.

"மாடிக்கு மாடி அட்டை மாட்டுவியேடா" என்றார்.

மெக்கானிக் தலை குனிந்தார்.

"டெய்லர் கடை என் ரூட்டுல இருந்துச்சு. அவன் பொண்டாட்டி தனியா மெஷின் மிதிக்கிறதைப் பார்க்க முடியாம, டிப்போல காலைப் பிடிச்சு ரூட்டை மாத்திக்கிட்டேன். தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"எப்படித் தெரியும்? கேட்டாத்தானே." கண்டக்டர் எழுந்தார். "வா. ஏழு மணி வரைக்கும் கடையில இருப்பா."

"நாளைக்குப் போலாம்டா. நான் கொஞ்சம்…"

"எழுந்திருடா."

குவளை அப்படியே இருந்தது. தெருவில் கண்டக்டர் பத்தடி முன்னால் நடந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் வருகிறதா என்று மட்டும் இரண்டு திருப்பங்களில் நின்று கேட்டார். டெய்லர் கடைக்கு எதிர்ச்சாரியில் விளக்குக் கம்பத்தடியில் நின்றுவிட்டார்.

"நான் இங்கதான் இருப்பேன். அவ என்ன சொன்னாலும் வாங்கிக்க."

கடைக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டெய்லரின் மனைவி நிமிர்ந்து பார்த்து, பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தாள்.

"அண்ணனா? வழியெல்லாம் ஞாபகமிருக்கா உங்களுக்கு? உக்காருங்க." கணவருடைய முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

"வேணாம்மா. நின்னுக்கிட்டே சொல்லிடறேன்."

அவர் முகத்தைப் பார்த்து அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். சக்கரம் இன்னும் நாலு சுற்றுச் சுற்றி நின்றது.