எங்கே என்று கேட்கக் கூடாது

போன வாரம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் இறங்கினேன். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் சிரித்தபடி, "எங்க பாட்டி போறீங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் உள்ளே திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டேன். ரேஷன் கடைக்குத்தான். அதற்குள் அங்கே சர்க்கரை தீர்ந்துவிட்டது. எனக்கு மறை கழன்றுவிட்டது என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். அவளிடம் விளக்கிச் சொல்லக் கூச்சம். உங்களிடம் சொல்கிறேன்.

கூடலூரில் குமுளிக்குப் போகிற சாலையை ஒட்டி எங்கள் வீடு. நான் சிறுமியாக இருந்தபோது வெள்ளைக்காரன் ஆட்சி, யுத்த காலம். ஆத்தா, அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம், எதற்கும் திட்டுவாள். உட்கார்ந்து காலை ஆட்டினால், "இங்கன என்ன ஊஞ்சலா கட்டியிருக்கு?" வந்தவர்களைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தால் (எப்போதும் ஒளிவேன்), "வாங்கன்னு சொன்னா வாயிலருந்து முத்தா உதிர்ந்துரும்?"

கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால்தான் பெரிய திட்டு. "போறவுகள மறிக்கிறியே, நீ என்ன சுங்கச்சாவடியாடி?" கேட்டே தீரவேண்டுமென்றால், "தூரமாப் போறீகளா?" என்று கேட்கலாம். இஷ்டமிருந்தால் ஊரைச் சொல்வார்கள். இல்லாவிட்டால், "இந்தா, பக்கத்துலதான்." அதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை.

ஒரு காலையில் அண்ணன் வெளுத்த சட்டை போட்டு, கக்கத்தில் துணிமூட்டையோடு வந்தான். முந்தின நாள் அப்பாவோடு வாய்த்தகராறு. ஆத்தா முற்றத்தில் மொச்சை காயவைத்துக்கொண்டிருந்தாள். மூட்டையை அவளும் பார்த்தாள். நான் "எங்கண்ணே" என்று ஆரம்பித்ததும் தொடையில் ஒரு கிள்ளு.

"தூரமாப் போறியாப்பா?" என்றாள்.

"இல்லாத்தா. இந்தா, பக்கத்துலதான்."

"சரி, பாத்துப் போயிட்டு வா."

அவ்வளவுதான். பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான் என்றார்கள். ஏலக்காய் மலையில் காய்ச்சலில் படுத்துவிட்டான் என்றார்கள். அப்பா குமுளி, மேகமலை என்று அலைந்து வந்தார். ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு ஆத்தா என்னைத் திட்டவே இல்லை. அவள் எதிரிலேயே காலை ஆட்டிப் பார்த்தேன். கண்டுகொள்ளவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, போகிற எல்லோரையும் கேட்டாள்: "எங்க போறீக?" பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். மகனுக்குப் பெண் கேட்க வெற்றிலை பாக்கோடு கிளம்பிய பக்கத்துவீட்டுச் சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் மதினி, இப்படி மறிச்சுக் கேட்டா போற காரியம் வெளங்குமா?"

"வெளங்காட்டி திரும்பி வந்துருவீகள்ல, கொழுந்தனாரே."

அவர் தாம்பாளத்தை அவள் பக்கத்தில் படியில் இறக்கிவைத்தார். பிறகு தணிந்த குரலில், "சின்னமனூருக்கு மதினி. பொழுதடைய வந்துருவோம்" என்றார்.

அதிலிருந்து தெருவே அப்படி ஆனது. யாரும் அவள் கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. "மதினி, கம்பம் சந்தைக்கு." "பெரியாத்தா, களையெடுக்கப் போறேன்." திரும்பும்போதும் வாசலில் நின்று, "வந்துட்டேன் மதினி" என்பார்கள். அப்போது மட்டும் ஆத்தாவின் முகம் கொஞ்சம் தெளியும்.

ஆண்பிள்ளை இல்லாமல் போன வீடு என்று எனக்கு வீட்டோடு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஆத்தா இறந்த பிறகும் சில பெரியவர்கள் பழக்கத்தில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் இடத்தில் நான் நின்று தலையாட்டுவேன். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது விடிந்ததிலிருந்து பஸ்ஸும் ஜீப்பும் நிறைய ஆட்களோடு மலையேறுகின்றன. யார் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை.