லதா மிஸ்ஸின் ஐடியல் டிரான்ஸ்ஃபார்மர்

தினமும் காலை மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயில் நகர்வதற்குள் லதா மிஸ் ஜன்னல் கண்ணாடியில் வாயால் ஊதி, விரலால் ஒரு சதுரம் போட்டுவிடுவார். இடப்பக்கம் கொஞ்சம் கம்பிச் சுற்று, வலப்பக்கம் கொஞ்சம் கம்பிச் சுற்று. டிரான்ஸ்ஃபார்மர் தயார். பெங்களூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பாடம் எடுக்கிறார். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. பாடத்தை முதலில் கேட்பவர் எதிர் சீட்டு கொர்னேலியஸ், ஒரு மாலில் செக்யூரிட்டி.

“மிஸ்ஸு, எனக்குப் பரீட்ச கெடையாது. மெதுவா சொல்லுங்க” என்பார்.

யோசிக்கும்போது துப்பட்டா நுனியைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டே இருப்பது லதாவின் வழக்கம். போன மாதம் ஒரு காலையில் அந்த விரல் வெளியே தெரியவேயில்லை. முந்தின நாள் பவ்யா என்ற மாணவி கேட்டுவிட்டாள்: இழப்பே இல்லாத ஐடியல் டிரான்ஸ்ஃபார்மரில் லோடு இல்லாதபோது கரண்ட் பூஜ்யம் என்கிறோமே, அப்புறம் ஃப்ளக்ஸ், அதாவது காந்தப்பாயம், எப்படி வரும்? “தெரியல, நாளைக்குச் சொல்றேன்” என்றிருக்கிறார் லதா. வாசலைக் கடந்துபோன பிரின்சிபால் காதில் அது விழுந்துவிட்டது. நாளைய வகுப்புக்குத் தானும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

“கரண்ட்டாலதானே அண்ணா ஃப்ளக்ஸ் வரும்? கரண்ட்டே இல்லன்னா…” ஒயிட்ஃபீல்டு தாண்டும்போது லதா பாதியில் நின்றார். “அய்யோ, தலகீழா கேட்டுனு இருக்கேன்! வோல்டேஜ் குடுத்துட்டோம். கம்பியில தடையே இல்ல. அப்ப, அதுக்குச் சமமா எதிர் வோல்டேஜ் உள்ள வந்தே தீரணும். அது வரணும்னா ஃப்ளக்ஸ் மாறினே இருக்கணும். ஃப்ளக்ஸ் எவ்ளோன்னு முடிவு பண்றதே வோல்டேஜ்தான்! அதுக்கு எவ்ளோ கரண்ட் வேணும்ன்றது நடுவுல கீற இரும்பப் பொறுத்தது. இரும்பு நல்லதா ஆவ ஆவ கரண்ட் கம்மி. ஐடியல்னா ஒண்ணுமே தேவயில்ல!”

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு விழித்தார். “இன்னா ஸ்டேஷன்?”

பெட்டியே சிரித்தது. லதா சிரிக்கவில்லை. உதடு அசைய, அதையே தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

மாலை ரயிலில் அவர் ஏறியதுமே கொர்னேலியஸ் கேட்டார்: “வேல கீதா, போச்சா?”

“கீது அண்ணா! ‘சென்னாகிதே’, நல்லா கீதுன்னாரு பிரின்சிபால். அடுத்த வருசமும் வரச் சொல்லிட்டாரு. ஆனா அந்தப் பவ்யா விடல. லோடு மாட்டுனா அந்தப் பக்கத்துச் சுத்து, செகண்டரிலயும் கரண்ட் ஓடுதே, அப்பவும் ஃப்ளக்ஸோட அளவு ஏன் மாறலன்றா.”

“அய்யய்யோ! இன்னா சொன்னீங்க?”

“தெரியல, நாளைக்குச் சொல்றேன்னுட்டேன்” என்ற லதா செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின்மேல் சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.