புள்ளி வேண்டாத கண்ணாடிக்காரர்

"நாப்பத்தேழை ரெண்டால வகு பார்ப்போம்" என்று கைப்பேசியை அதட்டிக்கொண்டிருந்தார் கண்ணாடிக்கடைக்காரர். அது 23.5 என்றது. "போடா வெளியே!" அந்தக் கால்குலேட்டர் செயலி அழிந்தது. அடுத்ததை இறக்கினார்.

விடை அவருக்குப் பின்னமாக வர வேண்டும். காரணம் அவர் மனைவி. அந்தக் கடையில் அளப்பதும் கணக்கும் கடைக்காரர். வெட்டுவது அந்த அம்மா. அங்குலத்துக்கு எட்டு நூல். இருபத்து மூன்றரை அங்குலத்தை, இருபத்து மூன்றும் நாலு நூலும் என்று, சீட்டில் 23.4 என எழுதுவார். புள்ளிக்குப் பின்னால் வருவது நூல். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். போன வாரம் என் அலமாரிக்குக் கைப்பேசியில் கணக்குப் போட்டவர், அது காட்டிய 23.5ஐ அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா ஐந்து நூல் வைத்து வெட்டினார். கண்ணாடி ஒரு நூல் பெரிசு. மரமென்றால் இழைத்துவிடலாம்.

"இவளுக்கு எப்பவும் அவசரம் சார்" என்று என் எதிரிலேயே சொல்லிவிட்டார். அன்றோடு அந்த அம்மா கண்ணாடி கீறும் கட்டரைத் தொடவில்லை. கடைக்காரரே கீறினாலோ கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடைகிறது. கடை ஈ ஓட்டுகிறது.

அடுத்த செயலி 47/2 என்றது. "நான் கேட்டதையே திருப்பிச் சொல்றான், பாருங்க!" அதுவும் போயிற்று. இன்னொன்று 23½ காட்டியதும் முகம் மலர்ந்தது. அதே நாற்பத்தேழை மூன்றால் வகுத்தார், 15⅔. "மூணுல ரெண்டு டேப்புல எங்கடா இருக்கு? நான் போய்க் கோடு போடவா?"

கடைசியில் ஒன்று கிடைத்தது. எதைக் கேட்டாலும் பக்கத்து நூலுக்குத் தள்ளிச் சொன்னது: 15⅝. எழுந்து ஓடினார். மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரேன், இனிமே தப்பே வராது."

"போன வாரம் வந்தது யாரு தப்பு?"

"அது பழைய கால்குலேட்டரு..."

"கால்குலேட்டரா வந்து சீட்டு எழுதுச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. வேறு பக்கம் திரும்பினேன். கண்ணாடிக்கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முகம்தான்.

"சார், அன்னைக்கு இவ வெட்டினது சரிதான். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

மேசையிலிருந்த கட்டரை, கீறுவதற்கு முன் செய்வதுபோல, மண்ணெண்ணெயில் தோய்த்து எடுத்தார். பிடி மனைவி பக்கம் இருக்கும்படி அதை நீட்டிக்கொண்டு, அந்த அம்மா கையைத் துடைத்துவிட்டுத் திரும்பும் வரை அப்படியே நின்றார்.