ஹிதர் என்றொரு ஊர்

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருக்கும் எங்கள் லயத்துக்கு விலாசம் கிடையாது. ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கும் தொழிலாளர் வீடுகள் அத்தனைக்கும் தேயிலைத் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். தோட்டமோ மலை மலையாகப் பரந்து கிடக்கிறது. போன வருடம் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி கண்டபோது ஆம்புலன்ஸ் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றது. அக்கா ஆட்டோவிலேயே பெற்றாள். இப்போது என் மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது. எனக்கு ஒரே பயம்.

இந்த நேரம் பார்த்துத்தான் என் தம்பி, வெள்ளைக்காரப் பயணிகளை நம்பி லயத்து முனையில் தேத்தண்ணிக் கடை போட்டான்.

“அண்ணே, போர்டுக்குப் பழைய காலத்து இங்கிலீசுல ஒரு வார்த்த எழுதிக் குடுங்க. அவங்களுக்குப் பழசுன்னா உசுரு.”

ஆங்கில வாத்தியாரான எனக்கு இது போதாதா? ‘ஹிதர்’ என்று எழுதி அம்புக்குறியும் போட்டுக் கொடுத்தேன். இவ்விடம் நோக்கி என்று அர்த்தம். ஆதியில் அது ‘ஹிடர்’. ‘இங்கே’ என்பதற்கு வெள்ளைக்காரன் சொல்லும் ‘ஹியர்’ பிறந்த அதே வேரில்தான் இதுவும் பிறந்தது. நம்முடைய ‘ஈண்டு’ மாதிரி, இன்று யார் வாயிலும் வராது. இவ்வளவையும் தம்பிக்கு விளக்கினேன். அவன் பால்மா கலக்கிக்கொண்டிருந்தான்.

வந்தவர்களில் எவனோ ஒரு புண்ணியவான் அதை ஊர்ப்பெயர் என்று நினைத்து போன் மேப்பில் ஏற்றிவிட்டான். கொஞ்ச நாளில் பதுளை பஸ் கண்டக்டர் “ஹிதர் எறங்கு!” என்று கத்த ஆரம்பித்தான். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யோவ், அது ஊரே இல்லய்யா! இங்கிட்டு வாங்கன்னு அர்த்தம்!”

“அப்ப இங்கிட்டே எறங்குங்க சேர்,” என்றான்.

கடுப்போடு வீட்டுக்கு வந்து மேப்பைத் திருத்த உட்கார்ந்தேன். சரியான பெயர் என்னவென்று அது கேட்டது. எவ்வளவு யோசித்தும் எழுத ஒன்றும் இல்லை. அவமானமாக இருந்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள். வலி கண்டுவிட்டது.

ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். எங்கே வரவேண்டும் என்று கேட்டார்கள். வெட்கத்தை விட்டு, “ஹிதருக்கு வாங்க,” என்றேன்.

வண்டி நேராக எங்கள் வாசலுக்கே வந்தது. மனைவியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது சிங்கள டிரைவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“இந்த ஊர் புதுசா?”

என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

“எரநூறு வருசமா இருக்குங்க. வண்டிய எடுங்க.”