ஓர் ஆளுக்கு எத்தனை கிலோ இரும்பு

என் தங்கை மகள் சாந்தாமணிக்கு ஐம்பத்தொரு வயது. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் ஒரு சின்னக் கம்பெனியில் பிசிறு தட்டுகிறாள். அச்சிலிருந்து வெளியே வரும் உருப்படியின் ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் இரும்பை உளியால் தட்டி, அரத்தால் ராவி வழவழப்பாக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக அதே வேலை. ஒன்றைக் கையில் தூக்கினால் தராசு வேண்டாம் அவளுக்கு. "நாலு கிலோ முந்நூறு" என்பாள். தராசில் வைத்துப் பார்த்தால் பத்து கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

அவள் புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருடமாகிறது. மகள் லோகப்பிரியாவை ஈரோட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. அந்தப் பிள்ளை பதினோராம் வகுப்புப் படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிளில்தான் இவள் வேலைக்குப் போய் வருகிறாள். மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கம்பெனிக்கு ஆறு கிலோமீட்டர். காலையில் ஒரே ஒரு பஸ், அதுவும் அதற்குத் தோன்றினால் வரும். கம்பெனியில் விரல் வைக்கும் பெட்டி இருக்கிறது. ஐந்து நிமிடம் தாமதமானால் அரை நாள் போச்சு. ஆகையால் சைக்கிள் இல்லையென்றால் அவளுக்கு வேலையும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட கொட்டகை ஒன்று உண்டு. சைக்கிளில் வருகிற பதின்மூன்று பேரும் அதில்தான் நிறுத்துவார்கள். போன சித்திரையில் முதலாளி ரவிக்குமார் கரண்டில் ஓடும் கார் ஒன்று வாங்கினார். அவர் சம்சாரத்துக்கு இன்னொன்று. உடனே கொட்டகையைக் காலிசெய்து, தரையில் பச்சைக் கல் பதித்து, சுவரில் கரண்டு ஏற்றும் பெட்டி இரண்டு மாட்டிவிட்டார்கள். சைக்கிள்களை வெளியே தார்ரோட்டு ஓரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நிழல் கிடையாது, காவல் கிடையாது. சாயங்காலம் சீட்டில் உட்கார்ந்தால் தோசைக்கல்லில் உட்கார்ந்தது மாதிரி இருக்கும். வெயிலில் டியூப் வெடித்தது. ஆடி மாதம் ஒன்று, ஆவணியில் ஒன்று என்று இரண்டு சைக்கிள் களவு போனது. தொலைத்தவர்களில் ஒருவர் அலைந்து திரிந்து இன்னொரு சைக்கிள் வாங்கினார், மற்றவர் வேலையையே விட்டார். அடுத்தது யாருடையது என்று மதியச் சோற்றை விழுங்கும்போதும் இவளுக்குக் கண் ரோட்டிலேயே இருக்கும்.

இந்த நேரத்தில்தான் ஆபீஸ் பெண் பிரீத்திகா கையில் ஒரு தாளோடு வந்தாள். நம் வார்ப்பை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், வேலையாட்கள் எதில் வருகிறார்கள், எவ்வளவு புகை விடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்களாம்.

"அக்கா, நீங்க எதுல வாரீங்க?"

"சைக்கிள்லதானுங்க அம்மணி. தெனமும் பாக்கறீங்கல்ல?"

"சூப்பருங்க்கா! உங்களால பொகையே இல்ல. நீங்கெல்லாம் இருக்கறதாலதான் நம்ம கம்பெனிக்கு நல்ல மார்க்கு."

"மார்க்கு கம்பெனிக்கு, வெயிலு எங்களுக்குங்களா?"

அந்தப் பிள்ளை தாளில் குறித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். சின்னப் பிள்ளை, அவளைக் குறை சொல்லி என்ன செய்ய?

அந்த வாரமே சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பிரீத்திகா திரையில் வரிசையாகப் படம் காட்டினாள். நடக்கிற ஆள், சைக்கிள், பஸ், மோட்டார் பைக், பெட்ரோல் கார். ஒவ்வொன்றுக்கும் தலையில் புகை மூட்டம், கடைசிக்குப் போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போனது. அதில் தப்பில்லை. ஆனால் முதலாளியின் புதுக் காரை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? சைக்கிளுக்குப் பக்கத்தில்! இரண்டுக்கும் புகை பூஜ்யமாம். சாந்தாமணி எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்க அம்மணி, அந்தக் கார் என்ன எடைங்க?"

முதலாளியே சிரித்துக்கொண்டு சொன்னார். "ஆயிரத்தி அறுநூறு கிலோ இருக்குமுங்க. ஏனுங்க, தூக்கிப் பாக்கப் போறீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள்.

"தூக்கறதுக்கில்லீங்க. அத்தன எடைய உருட்டிக்கிட்டு ஒருத்தர் வாரீங்க. என்ற சைக்கிளு பதினெட்டுக் கிலோ. நடந்து வார மாசாணியம்மாளுக்குக் காலுல செருப்பு மட்டுந்தான். பஸ்ஸு பத்து டன்னுன்னாலும் அறுவது பேரு ஏறுறாங்க, தலைக்கு எரநூறு கிலோகூட வராது. ஒரு ஆளுக்கு எத்தன கிலோ இரும்புன்னு பாருங்க. அந்த இரும்ப உருக்கினப்பப் பொகை வரலீங்களா? நம்ம ஒலையில வாரது நமக்குத் தெரியாதுங்களா?"

"கரண்டு வண்டிக்குப் பொகை இல்லீங்க்கா," என்றாள் பிரீத்திகா.

"கரண்டு எங்கிருந்துங்க வருது?"

"காத்தாடியில வருதுங்களே."

"காத்து நின்னா மேட்டூர் அனல்மின் நெலையத்துல கரிதானுங்களே எரியுது? பெட்ரோல் காருக்கு இது தேவலைதானுங்க, நான் இல்லைங்கல. ஆனா சைக்கிளத் தூக்கி வெயில்ல போட்டுப்போட்டு, அந்த எடத்துல காரை நிறுத்தி, ரெண்டும் ஒண்ணுன்னு படம் காட்டறது நாயமுங்களா?"

முதலாளி முகம் மாறாமல், "பாக்கலாமுங்க" என்றார். எங்கள் சீமையில் யாரும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். பாக்கலாமுங்க என்பார்கள். பார்த்தார், பார்த்தார், புரட்டாசியும் வந்துவிட்டது.

ஆயுத பூஜை. அன்றைக்குக் கம்பெனியில் மிஷின்களையெல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பொட்டிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்துப் பூசணிக்காய் உடைப்பார்கள். பொட்டு வைத்த எதையும் மறுநாள் விஜயதசமிக்குக் கற்பூரம் காட்டாமல் நகர்த்தக்கூடாது என்பது அந்தக் கம்பெனியில் முதலாளியின் தாயார் வைத்த சட்டம். தட்டை எடுத்துக்கொண்டு பொட்டு வைப்பதும் அந்த அம்மாதான்.

கார்கள் இரண்டும் கழுவப் போயிருந்தன, இன்னும் கம்பெனிக்கு வரவில்லை. ஆறு மணிக்கெல்லாம் சாந்தாமணி கழுவின சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேரே பச்சைக் கல்லின்மேல் ஏறினாள். வாட்ச்மேன் ஐயாசாமி ஓடிவந்தார்.

"அம்மணி, என்ற பொழப்புல மண்ணப் போட்றாத!"

"நீங்க டீக்கடைக்குப் போயிருந்தீங்க, பாக்கலீங்க. அப்படியே சொல்லிப்போடுங்ணா."

அவர் மெய்யாகவே டீக்கடைக்குப் போய்விட்டார். பின்னாலேயே அச்சு வேலை ஜபருல்லா வந்து தன் சைக்கிளை ஒட்டி நிறுத்தினார். எட்டு மணிக்குள் மிச்சமிருந்த பன்னிரண்டு சைக்கிளும் உள்ளே. பொரி கடலை வாங்க நானும் போயிருந்தேன், என் கண்ணாலேயே பார்த்தேன். முதலாளியின் தாயார் தட்டோடு வந்தார்.

"பரவால்லயே, இந்த வருசம் சைக்கிளெல்லாம் கொட்டாய்க்குள்ள வந்துருச்சு!" என்று மகிழ்ந்துபோய், ஒவ்வொன்றின் ஹேண்டில் பாரிலும் சந்தனத்தைத் தீற்றினார்.

கடைசி சைக்கிளுக்கு எலுமிச்சை வைக்கும்போது கார்கள் வந்து நின்றன. ரவிக்குமார் இறங்கி, "இதெல்லாம் யாருங்க இங்க விட்டது? எடுங்க" என்றார்.

"பொட்டு வெச்சாச்சு கண்ணு. நாளைக்கித்தான் எடுக்கோணும்," என்றார் தாயார்.

சரி, ஒரு நாள்தானே என்று அவரும் விட்டுவிட்டார். மறுநாள் கற்பூரம் காட்டிய கையோடு, "இப்ப எடுத்துக்கலாமுங்க" என்றார். சாந்தாமணி நகரவில்லை.

"எடுக்கலீங்க. எங்க எடம் இதுதானுங்க. வண்டி இங்கயே இருக்கட்டும், நான் நடந்து வாரேன்."

"ஆறு கிலோமீட்டருங்க!"

"நடந்தாலும் பொகை வராதுங்க. மார்க்கு கொறையாது."

ஏழு பேர் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள், பயம் என்று சாந்தாமணி அவர்களுக்குப் பரிந்து பேசுகிறாள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது, இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஐந்து சைக்கிள் உள்ளேயே நின்றது, அந்த ஐந்து பேரும் நடந்தே வந்தார்கள்.

சைக்கிளில் அரை மணி. நடந்தால் ஒன்றேகால் மணிக்கு மேலே. யானை நடமாட்டம் உள்ள ரோடு அது, டார்ச் அடித்துக்கொண்டு விடிவதற்கு முன்பே கிளம்பினாள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு இரும்பு ராவின கால் திரும்பவும் ஆறு கிலோமீட்டர் நடந்து வரும். வீங்கிப்போகும். சுடுதண்ணீரில் உப்புப் போட்டு வைத்திருப்பேன்.

"விட்டுத் தொலையேண்டி," என்றேன் நாலாம் நாள்.

"சைக்கிளு மறுக்கா ரோட்டுல நின்னா இன்னிக்கில்லாட்டி நாளைக்கிக் களவு போயிரும் பெரீம்மா. அப்ப ஆயுசுக்கும் நடக்கோணும். இப்ப பத்து நாளு நடந்துபோடறேன்."

முதலாளி நினைத்திருந்தால் ஆளை விட்டு ஐந்தையும் தூக்கி வெளியே போட்டிருக்கலாம். தாயார் பொட்டு வைத்த வண்டி, அதனால் கை வைக்கவில்லை. வெயிலில் வாடினது அவர் கார்கள்தான். ஒன்பதாம் நாள் அந்த அம்மா கம்பெனிக்கு வந்திருந்தார். சாந்தாமணி நேரே போய்க் கும்பிட்டாள். பக்கத்திலேயே முதலாளி.

"ஒண்ணு கேக்கறனுங்க. கரண்டு ஏத்தற பெட்டி பக்கம் காரு வந்தே ஒம்பது நாளாச்சு. அப்பறம் எப்பிடிங்க தெனமும் ஓடிட்டு வருது?"

முதலாளியை முந்திக்கொண்டு தாயார் வெள்ளந்தியாகச் சொன்னார். "ஊட்டுல ரெண்டு பெட்டி இருக்குதே அம்மணி. ராத்திரி போட்டா விடியறதுக்குள்ள ஏறிருது."

கேட்டீர்களா? வீட்டிலேயே இருந்திருக்கிறது! அந்தக் கொட்டகை காருக்குத் தேவைப்படவே இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக மாட்டின பெட்டிக்காகப் பன்னிரண்டு பேர் ஆறு மாதம் வெயிலில் காய்ந்தார்கள், இரண்டு பேர் சைக்கிளைத் தொலைத்தார்கள். இதைச் சாந்தாமணி வந்து சொன்ன அன்றைக்கு அந்த முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

தாயார் மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார். "சரிங்க, பாதிய எடுத்துக்கோங்க," என்றார்.

இப்போது ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். பாதிக் கொட்டகையில், ஹேண்டில் பாரோடு ஹேண்டில் பார் மாட்டிக்கொள்ள, எல்லாச் சைக்கிளும் நிற்கிறது. வெளியே தள்ளிக்கொண்டு போன ஏழு பேருடையதும்தான். மற்றப் பாதியில் ஒற்றைக் கார் தாராளமாக நிற்கிறது. சாந்தாமணி ஜெயித்துவிட்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். சைக்கிளில் வருகிற அத்தனை பேருக்கும் பாதி, ஓர் ஆளுக்குப் பாதி. இதற்குப் பெயர் ஜெயிப்பா? அவளிடமே கேட்டேன். உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வீக்கம் வத்தட்டும் பெரீம்மா. மிச்சப் பாதியக் கேக்காம உடுவனா?"